அம்சவள்ளிக்கு வந்த குரங்குக் காய்ச்சல்

மலேசியாவில், கெடா மாநிலத்துப் பாடாங் செராயில் எங்கள் தாமான் குடியிருப்புக்கு வந்து அம்சவள்ளி வீடு எது என்று கேட்டால், "எப்பவும் கேட் தொறந்து கெடக்கும் பாருங்க, அந்த வீடுதான்" என்பார்கள். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் அவள். உள்ளே வந்த வேகத்தில் வெளியே போவாள், கேட்டைச் சாத்த நேரமிருக்காது. வயது ஐம்பதைத் தாண்டியும் அந்த வேகம் குறையவில்லை. விடிவதற்குள் தொழிற்சாலை பஸ்ஸில் ஏறி கூலிமுக்குப் போய் கேண்டீனில் சமைப்பாள். மாலையில் திரும்பி வந்து வீட்டைக் கழுவுவாள், துணி துவைப்பாள், அதுவும் முடிந்தால் அடுத்த வீட்டுச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவாள். புருஷன் காளிதாசன் ஜொகூருக்கு லாரி ஓட்டுகிறவர், வீட்டில் இருக்கும் நாள் குறைவு. "அவரு ரோட்டுல ஓடுறாரு, நான் வீட்டுல ஓடுறேன்" என்பாள்.

நான் அடுத்த வரிசையில் இருக்கிறேன். தமிழ்ப்பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுக்கும் டீச்சர். அதனால் தாமானில் யாருக்கு என்ன நோய் வந்தாலும், வாட்ஸ்அப்பில் வந்த வைத்தியத்தை என்னிடம் கொண்டுவந்து சரிதானா என்று கேட்பார்கள். தப்பு என்று சொன்னால் முகத்தைத் தூக்கிக்கொண்டு, சரி என்று சொல்லும் வேறு ஆளிடம் போவார்கள். பத்து வருஷமாக இந்தக் கூத்தைப் பார்த்து எனக்கு நாக்கு கொஞ்சம் கூராகிவிட்டது. அம்சவள்ளி மட்டும் அப்படிப் போகமாட்டாள். பிடிக்காத பதிலைச் சொன்னால் நின்று சண்டை போடுவாள்.

இந்தத் தாமான் இருக்கும் இடம் முன்பு ரப்பர்த் தோட்டம். அவள் அப்பா இங்கே பால் வெட்டியவர். தோட்டத்தை விற்றார்கள், லயங்களை இடித்தார்கள், வரிசை வீடுகள் வந்தன. மிஞ்சியது பின்பக்கத்துச் செம்பனையும், அதற்கப்பால் புக்கிட் என்று நாங்கள் சொல்லும் ஒரு குன்றும், அதன் அடிவாரத்தில் முனீஸ்வரர் கோயிலும்தான். கோயிலை ஒட்டி ஓர் ஆஞ்சநேயர் சன்னதி உண்டு. தகரக் கூரை, நான்கு தூண்கள், அவ்வளவுதான்.

அம்சவள்ளியின் மகன் திவாகரனுக்கு பினாங்கில் வேலை போனது. ஏழரைச் சனி என்று சோசியர் சொன்னார். அதற்கு அவள் ஒரு வேண்டுதல் எடுத்துக்கொண்டாள். ஒரு வருஷம் சனிக்கிழமைதோறும் பொழுது சாயும் நேரத்தில் ஆஞ்சநேயருக்கு வடைமாலை சாத்துவது, ஒரு வாரம்கூட விடாமல். விட்டால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். சாத்திய மாலையைக் கழற்றி வடைகளை உதிர்த்து, கூடவே வாழைப்பழமும் வைத்து, புக்கிட்டிலிருந்து இறங்கிவரும் குரங்குகளுக்குப் போட வேண்டும். அவை தின்ற பிறகுதான் நாம் பிரசாதம் எடுக்கலாம். முதல் வாரம் வந்தவை சில. அடுத்த அடுத்த வாரங்களில் சொந்தபந்தங்களை அழைத்துக்கொண்டு வந்தன. ஓசிச் சாப்பாடு என்றால் நம் ஆட்கள் மட்டும்தானா வருவார்கள்?

அவளுக்குக் கூட்டாளி மருதம்மாள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர், இருவருக்கும் ஒரே கேண்டீன். அவர்களை ஏற்றிப்போகும் தொழிற்சாலை பஸ்ஸை ஓட்டியவரும் மருதம்மாளின் புருஷன் வடிவேலுதான். ஒருத்தி வைத்த குழம்புக்கு இன்னொருத்தி உப்புப் பார்ப்பாள். வாரத்தில் இரண்டு தடவையாவது சண்டை வரும், அன்றே தீரும்.

போன வருஷம் மழை தொடங்கிய சமயத்தில், ஒரு திங்கட்கிழமை அம்சவள்ளிக்குக் காய்ச்சல் வந்தது. பெனடோல் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள். மறுநாள் குளிரில் உடம்பு தூக்கிப் போட்டது. கிளினிக்குக் கூட்டிப்போனவள் நான். டெங்கிதான் என்று நாங்களே முடிவுகட்டிக்கொண்டு போனோம். மலாய்ப் பெண் டாக்டர், சின்ன வயது, பொறுமையாகத்தான் கேட்டார். டெங்கிச் சோதனையில் ஒன்றும் இல்லை என்றதும், காட்டுக்குள் போனீர்களா, புக்கிட் பக்கம் போனீர்களா என்று கேட்டார்.

"தாக் அடா, டோக்டோர், அப்படி ஒன்னும் இல்ல" என்றாள் அம்சவள்ளி.

அவள் பொய் சொல்லவில்லை. கோயிலுக்குப் போவதைக் காட்டுக்குப் போவதாகச் சொல்கிற ஆள் யாராவது கெடாவில் இருந்தால் காட்டுங்கள் பார்ப்போம். கோயில் என்பது கோயில். அதற்குப் பின்னால் நிற்கும் புக்கிட் யார் கண்ணுக்கும் படுவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கும் தோன்றவில்லை. டாக்டர் காய்ச்சல் மருந்து கொடுத்து, குறையாவிட்டால் திரும்பி வரச் சொல்லி அனுப்பினார்.

வீட்டில் கிடந்த நாட்களில் மருதம்மாள்தான் பார்த்துக்கொண்டாள். கஞ்சி வைத்தாள், வேர்வையில் நனைந்த துணியை மாற்றினாள், சாயங்காலம் பின்வாசலில் காற்றாட நாற்காலி போட்டு உட்காரவைத்து, கூடவே உட்கார்ந்திருந்தாள். வெள்ளிக்கிழமை அம்சவள்ளியின் கண் மஞ்சளாகி மூச்சு இரைத்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அங்கே விரலில் ஊசி குத்தி எடுத்த ரத்தத்தை நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு மலேரியா என்றார்கள். என்ன வகை என்று கண்டுபிடிக்க வேறிடத்துக்கு மாதிரி அனுப்பினார்கள்.

மறுநாள் சனிக்கிழமை. வேண்டுதல் முடிய இன்னும் கொஞ்ச வாரங்களே இருந்தன. கையில் ஊசிக் குழாயோடு படுத்திருந்தவள் என் போனை வாங்கி மருதம்மாளைக் கூப்பிட்டாள்.

"மருதம், வட மாவு அரச்சு ஐஸ்பொட்டியில இருக்குடி. இன்னிக்கு நீ போய்ப் போட்டுட்டு வந்துருடி. ஒரு வாரம் உட்டா எல்லாம் வீணாப் போயிரும்."

"நீ மூச்ச உடு மொதல்ல. நான் போறேன்" என்றாள் மருதம்மாள்.

போனாள். வடைமாலை சாத்தினாள். குரங்குகளுக்குப் போட்டாள்.

அடுத்த வாரம்தான் அது குரங்கு மலேரியா என்று தெரிந்தது. இங்கே கொஞ்சம் பாடம் நடத்த வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

மனிதருக்கு வரும் மலேரியா நான்கு வகை என்றுதான் நான் படித்தேன். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் சரவாக்கில் ஒரு குழப்பம் வந்தது. நுண்ணோக்கியில் பார்த்தால் நான்கில் ஒன்றான சாதுவான வகை மாதிரி தெரிகிறது. ஆனால் நோயாளிகள் சாதுவாக இல்லை, கடுமையாகப் படுக்கிறார்கள். மரபணுவை எடுத்துச் சோதித்தபோது குட்டு வெளிப்பட்டது. அது மனித மலேரியாவே இல்லை, நீளவால் குரங்குக்கும் குட்டைவால் பெரோக் குரங்குக்கும் ரத்தத்தில் இருக்கும் கிருமி. குரங்குக்கு அதனால் பெரிய துன்பமில்லை. குரங்கைக் கடித்த கொசு நம்மைக் கடித்தால் நமக்குத்தான் ஆபத்து. நுண்ணோக்கியில் இரண்டும் ஒன்றுபோலத் தெரிவதால் எத்தனை வருஷமாக ஆள் மாறாட்டம் நடந்ததோ, யாருக்கும் தெரியாது. அறுபதுகளிலேயே பகாங் காட்டுக்கு வந்துபோன ஓர் அமெரிக்கரிடம் இந்தக் கிருமியைக் கண்டுபிடித்திருந்தார்கள். அபூர்வமான ஒன்று என்று அப்போது ஒதுக்கிவிட்டார்கள்.

இன்றைக்கு நிலைமை தலைகீழ். 2018 முதல் இந்த நாட்டில் மனித மலேரியா உள்ளூரில் யாருக்கும் பரவவில்லை. அதைச் சொல்லி மார்தட்டிக்கொள்ளலாம் என்று பார்த்தால், குரங்கு மலேரியா வருஷத்துக்கு ஆயிரக்கணக்கான பேருக்கு வருகிறது. அப்படியானால் மலேரியா ஒழிந்த நாடு என்று பட்டம் கொடுக்கலாமா கூடாதா என்று உலக அளவில் விவாதம் நடந்தது. நோயில் கிடந்தவனுக்குப் பட்டம் எதற்கு என்று எனக்குத் தோன்றும். காட்டை வெட்டியதால் குரங்கு கீழே இறங்கியது என்கிறது ஓர் ஆய்வு. வெட்டி மிஞ்சிய துண்டுக் காடுகளில் நெருக்கியடித்து வாழும் குரங்குகளிடம் கிருமி கூடுதல் என்கிறது இன்னொன்று. குரங்கைப் பிடி, சுடு என்கிறார்கள் சிலர். சுட்டால் கொசு மனிதனைத்தான் தேடிவரும் என்கிறார்கள் வேறு சிலர்.

அம்சவள்ளிக்கு மருந்து பிடித்தது. இது மருந்துக்குக் கட்டுப்படும் நோய்தான், நேரத்தோடு கண்டுபிடித்தால். அவள் வீட்டுக்கு வருவதற்குள் சுகாதார இலாகா ஆட்கள் தாமானுக்கு வந்து மருந்தடித்தார்கள். அக்கம்பக்கத்தில் எல்லாருக்கும் விரலில் குத்தி ரத்தம் பார்த்தார்கள். மருதம்மாளுக்கும் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை என்று வந்தது.

அந்த 'ஒன்றும் இல்லை'தான் வினையாகப் போனது. அவள் கோயிலுக்குப் போய்வந்து இரண்டு வாரம்கூட முழுதாக ஆகவில்லை, காய்ச்சல் கண்டது. வடிவேலு கிளினிக்குக் கூப்பிட்டிருக்கிறார்.

"என்னத்தான் குத்திப் பாத்துட்டாங்களே. நெகட்டிவ்னு சொன்னாங்கல்ல? இது மழையில நனஞ்ச காச்சல்லா" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனாள்.

கிருமி உடம்புக்குள் புகுந்து ஒளிந்திருக்கும் நாட்களில் ரத்தத்தில் தெரியாது. அதை அவளுக்கு யாரும் புரியும்படி சொல்லவில்லை. இன்னொன்றும் இருக்கிறது. மற்ற மலேரியாக் கிருமிகள் பெருக இரண்டு நாள், மூன்று நாள் எடுக்கும். குரங்கு மலேரியாவுக்கு ஒரே நாள் போதும். இன்று இருப்பது நாளைக்குப் பல மடங்கு. பெனடோலில் காய்ச்சலை அமுக்கிக்கொண்டு அவள் வேலைக்குப் போன ஒவ்வொரு நாளும் அது உள்ளே பெருகியது. கேண்டீனில் சோற்றுப் பானையருகில் விழுந்தாள். தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு நாள் இருந்தாள், அவ்வளவுதான்.

மருதம்மாளைக் கொண்டுபோனபோது அம்சவள்ளி அழவில்லை. வீட்டுக்கும் தெருவுக்குமாக நடந்துகொண்டே இருந்தாள். யாரோ பிடித்து உட்காரவைத்தார்கள், எழுந்து மறுபடியும் நடந்தாள்.

பதினாறாம் நாள் காரியத்துக்குள் ஊர்வாய் தன் வேலையைத் தொடங்கிவிட்டது. அம்சாவின் காய்ச்சல் மருதத்துக்கு ஒட்டிக்கொண்டது, கூடவே உட்கார்ந்து பார்த்தவளுக்குக் கிடைத்த பலன் இது என்று பேச்சு. காரியத்துக்கு அம்சவள்ளி ஒரு பெரிய சட்டியில் சாம்பார் வைத்துக் கொண்டுவந்தாள். பந்தியில் அந்தச் சட்டியை ஒருவரும் தொடவில்லை. நான் ஊற்றிக்கொண்டேன், என்னைப் பார்த்துக்கூட இன்னொருவர் ஊற்றிக்கொள்ளவில்லை. மலேரியா சாம்பாரில் வராது என்று நான் கத்தியதும், "டீச்சர் படிச்சவங்க, அவங்களுக்கு ஒன்னும் ஆவாது" என்று தாமான்காரி புஷ்பவள்ளி சொன்னாள். என் வாழ்நாளில் ஒரு மனுஷியை அறைய வேண்டும் என்று அன்றுதான் தோன்றியது.

என்னை உறுத்தியது வடிவேலுதான். நல்ல மனிதர், அம்சவள்ளியைச் சொந்தத் தங்கையாக நினைப்பவர். 'அவளைச் சொல்லாதீங்க' என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஊர் அடங்கியிருக்கும். அவர் சொல்லவில்லை. பந்தியில் எல்லார் இலையையும் பார்த்தார், தொடாத சட்டியையும் பார்த்தார், எழுந்து வெளியே போய்விட்டார். கேண்டீனிலும் அவளைச் சமையலிலிருந்து எடுத்துப் பாத்திரம் கழுவப் போட்டார்கள்.

அதற்குப் பிறகு அம்சவள்ளி என் வீட்டுக்கு வர ஆரம்பித்தாள். நான் சமைக்கும்போது வருவாள், பிள்ளைகளின் பரீட்சைத் தாள் திருத்தும்போது வருவாள். வந்து நின்றபடியே ஒரே கேள்வி.

"டீச்சர், இந்தக் காச்சல் மனுசன்கிட்டேருந்து கொசு வழியா இன்னொரு மனுசனுக்குப் போவுமா, போவாதா?"

"போகாதுன்னுதான் சொல்றாங்க. நீ ஊர்க்காரங்க பேச்சக் கேட்டு மண்டையக் கொழப்பிக்காத."

"சொல்றாங்கன்னா? நிச்சயமா போவாதா?"

இருக்கிறதைத்தான் சொல்ல வேண்டும். அறுபதுகளில் அமெரிக்காவில் சோதனைக்கு ஒத்துக்கொண்ட மனிதர்களிடம் முயன்று பார்த்திருக்கிறார்கள். நோயாளியைக் கடித்த கொசுவை மற்றவர்மேல் விட்டபோது நோய் போயிருக்கிறது. ஆக, சோதனைச்சாலையில் போகும். வெளியே, நிஜ வாழ்க்கையில் அப்படிப் போனதற்கு உறுதியான ஆதாரம் யாரிடமும் இல்லை. ஒரே வீட்டில் இருவருக்கு வந்தால், ஒருவரிடமிருந்து மற்றவருக்கு வந்ததா, இருவரையும் குரங்கைக் கடித்த கொசுக்களே கடித்தனவா என்று பிரித்துச் சொல்வது கடினம். அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள்.

இதைச் சொன்னேன். அவள் முகம் தெளிந்தது. "அப்ப போவலாம்" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. ஊர் அவள்மேல் சுமத்தும் பழி அதுதானே? அதிலிருந்து தப்பிக்கத்தானே எவளும் பார்ப்பாள்? இவள் போகாது என்ற செய்தியைக் காட்டினால் சீறுகிறாள், போகலாம் என்ற செய்தியைக் காட்டினால் திரும்பத் திரும்பப் படிக்கச் சொல்கிறாள். மகனிடம் சொல்லி இணையத்தில் தேடச் சொன்னாள். கணக்குப் போட்டுப் பார்த்து எதிர்காலத்தில் பரவக்கூடும் என்று எழுதிய ஓர் ஆய்வுக் கட்டுரையை அவன் அனுப்பினான். அதில் ஒரு வரியும் புரியாமல் போனை என்னிடம் நீட்டினாள்.

நானும் பொறுமை இழந்தேன். "ஒனக்கு என்னடி பைத்தியமா? ஒன் ரத்தத்துலேருந்துதான் மருதத்துக்குப் போச்சுன்னு நிரூபிச்சு ஒனக்கு என்ன கெடைக்கப் போவுது?"

அன்றைக்கு அவள் முதன்முறையாக என் வீட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

"என் ரத்தத்துலேருந்து போயிருந்தா அது கொசு செஞ்சது டீச்சர். நான் ஒன்னும் செய்யல, காச்சல்ல கெடந்தேன். அப்படி இல்லன்னா கோயில்லதான் கடிச்சிருக்கணும். கோயிலுக்கு அவள அனுப்பினது யாரு? போன் பண்ணி, வட மாவு எங்க இருக்குன்னு சொல்லி, போடின்னு அனுப்பினது யாரு?"

போன் என்னுடையது. ஆனால் அதைவிட, இத்தனை மாதமாக அவள் எதைத் தூக்கிக்கொண்டு நடந்தாள் என்பதை நான் பார்க்கவில்லையே என்று உறைத்தது. ஊருக்கு ஒட்டுநோய் என்ற பொய் வேண்டியிருந்தது. அவளுக்கோ அந்தப் பொய் உண்மையாக இருக்க வேண்டியிருந்தது.

"அது கொரங்கு மலேரியான்னு அன்னிக்கு ஒனக்குத் தெரியாதேடி" என்றேன். "தாமான் பின்னாடிகூடத்தான் குரங்கு வருது. எங்க கடிச்சுச்சுன்னு யாருக்குத் தெரியும்?"

"பின்னாடி வர்ற கொரங்க வட போட்டு வரவழச்சது யாரு?" என்றாள். எழுந்து போய்விட்டாள்.

இந்த வருஷம், பள்ளி விடுமுறை சமயத்தில், சுங்கை பட்டாணியில் ஒரு தமிழ்ச் சங்கத்தார் ஞாயிற்றுக்கிழமை கூட்டம் வைத்தார்கள். ஷாமளா என்ற ஆராய்ச்சியாளர் குரங்கு மலேரியாவைப் பற்றித் தமிழில் பேசப்போகிறார் என்று செய்தி வந்தது. பல வருஷம் காட்டோரக் கொசுக்களைப் பிடித்து ஆராய்ந்தவராம். அம்சவள்ளி கேள்விப்பட்டவுடன், "நான் அவங்ககிட்ட நேரா கேக்கணும்" என்றாள். கூட்டிப்போகிறேன் என்றேன். காலையில் காடியை எடுத்தபோது வடிவேலு கேட்டருகில் சட்டை மாற்றி நின்றார். தானும் வருவதாகச் சொன்னார். மாதக்கணக்கில் அவளோடு முகம்கொடுத்துப் பேசாத மனிதர். அம்சவள்ளி பின் சீட்டுக்குப் போனாள்.

ஷாமளா நன்றாகவே பேசினார். அந்தக் கொசு வீட்டுக்குள் வரும் கொசு அல்ல, பொழுது சாயும் நேரத்தில் காட்டோரத்தில் வெளியே கடிப்பது, அதனால் வீட்டுக்குள் கொசுவலை கட்டிப் பயனில்லை என்றார். கேள்வி நேரம் வந்ததும் அம்சவள்ளி எழுந்தாள். ஒலிவாங்கி வருவதற்கு முன்பே பேச ஆரம்பித்தாள். தனக்கு வந்ததைச் சொன்னாள், பக்கத்து வீட்டுக்காரிக்கு வந்ததைச் சொன்னாள். கோயிலைப் பற்றிச் சொல்லவில்லை.

"என்னைக் கடிச்ச கொசு அவளையும் கடிச்சு அவளுக்கு வந்திருக்குமா? நீங்க படிச்சவங்க, ஒளிக்காம சொல்லுங்க."

ஷாமளா மேடையிலிருந்து இறங்கி வந்தார். நல்ல மனசுள்ள பெண். "அக்கா, ஒங்களுக்குக் காய்ச்சல் வந்து எவ்வளவு நாள்ல அவங்களுக்கு வந்துச்சு?"

"ரெண்டு வாரம், ரெண்டர வாரம் இருக்கும்."

"அப்ப சான்சே இல்லக்கா. ஒங்களைக் கடிச்ச கொசு ஒடனே இன்னொருத்தருக்குக் குடுக்க முடியாது. கிருமி கொசு வயித்துல வளந்து எச்சிலுக்கு வரவே கிட்டத்தட்ட பத்து நாள் ஆவும். அப்புறம் அது கடிச்சு, அவங்க ஒடம்புல வளந்து காய்ச்சல் வர இன்னும் பத்து, பன்னெண்டு நாள். மூணு வாரத்துக்குக் கொறஞ்சு நடக்கவே நடக்காது. பொதுவா மனுசனுக்கு மனுசன் பரவுமான்னு நாங்க இன்னும் சண்டை போட்டுட்டு இருக்கோம், அது வேற. ஒங்க விஷயத்துல சந்தேகமே வேணாம். அவங்களக் குரங்கக் கடிச்ச கொசுதான் நேரடியா கடிச்சிருக்கு. ஒங்களால இல்லக்கா. நீங்க நிம்மதியா இருங்க."

கூட்டத்தில் கை தட்டினார்கள். பின்வரிசையில் ஒரு பெண்மணி கண்ணைத் துடைத்தார். நானே இந்தக் கணக்கை ஏன் போட்டுப் பார்க்கவில்லை என்று எனக்கு என்மேல் எரிச்சல் வந்தது. போட்டிருந்தால் அவளிடம் சொல்லியிருப்பேனா என்பது வேறு விஷயம். அம்சவள்ளி ஷாமளாவின் கையைப் பிடித்து நன்றி சொன்னாள். பிடித்த கையை வெகுநேரம் விடவில்லை, அதை ஷாமளா சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டார்.

திரும்பும்போது மழை. முன் சீட்டில் வடிவேலு, பின்னால் அம்சவள்ளி. சாலையின் இரண்டு பக்கமும் செம்பனை. பாதி வழியில் வைப்பர் தாளாத மழை பிடித்தது. ஒரு மூடிய பழக்கடை ஓரமாகக் காடியை நிறுத்தினேன்.

அம்சவள்ளி பேசினாள். குரல் தெளிவாக இருந்தது.

"அண்ணே, ஒங்ககிட்ட ஒன்னு சொல்லணும். அன்னிக்குச் சனிக்கெழம மருதம் கோயிலுக்குப் போனா. கொரங்குக்குப் போட. நான்தான் ஆஸ்பத்திரிலேருந்து போன் பண்ணி அனுப்பினேன். அங்கதான் கடிச்சிருக்கு. ஒங்க பொண்டாட்டி செத்தது என்னாலதான். என்ன செய்யணுமோ செய்யுங்க."

வடிவேலு கண்ணாடியைப் பார்த்தபடி இருந்தார். மழைச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லையோ என்று நான் திரும்பிப் பார்த்தேன்.

"தெரியும்மா" என்றார். "நான்தானே மோட்டர் சைக்கிள்ல ஏத்திட்டுப் போனேன்."

அம்சவள்ளி முன்னால் நகர்ந்து சீட்டைப் பிடித்தாள்.

"வட போட்டு முடிச்சிட்டா. கொசு பிச்சுப் புடுங்குது, வாங்க போலாம்னா. நான் போன்ல பேசிட்டு நின்னேன். இரு, இருன்னேன். மறுபடி வந்து சட்டையப் புடிச்சு இழுத்தா. ஒரு நிமிசம் சும்மா இருக்க மாட்டியாடின்னு கத்துனேன். அப்புறம் அவ ஒன்னும் சொல்லல, கையக் கால அடிச்சிக்கிட்டே நின்னா." அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஊரு ஒன்ன சொன்னுச்சு. ஒன்கிட்டேருந்து ஒட்டிக்கிச்சுன்னு. அது நெசமா இருந்தா நான் தப்பிச்சேன்னு இருந்துட்டேன்மா. இன்னிக்கும் அதக் கேக்கத்தான் வந்தேன். அந்தம்மா ஆமான்னு சொல்லிரணும்னு சாமியக் கும்புட்டுக்கிட்டு ஒக்காந்திருந்தேன்."

நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தேன். எனக்கு அவர்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. இவள் பாத்திரம் கழுவினாள், தூக்கம் கெட்டாள், ஊர் இவளைப் பிடுங்கித் தின்றது. இந்த மனிதர் தெரிந்தே பார்த்துக்கொண்டிருந்தார். அம்சவள்ளிக்கும் அது ஏறியது. கழுத்து நரம்பு புடைக்க, "என்ன அவ்வளவு முக்கியமான பேச்சு அண்ணே?" என்று கத்தினாள். "அவ கூப்பிடக் கூப்பிட நிக்கிற மாதிரி? யாருகிட்ட பேசிட்டு இருந்தீங்க?"

வடிவேலு கண்ணாடியில் படிந்த ஆவியைத் துடைத்தார்.

"காளிதாசன்கிட்டத்தான்" என்றார். "ஜொகூர்லேருந்து கூப்ட்டான். அழுதுகிட்டே பேசினான்மா. அம்சா பொழச்சிருவாளா, நெசத்தச் சொல்லுண்ணேன்னு கேட்டுக்கிட்டே இருந்தான். எப்படி வைக்கிறது போன?"

அம்சவள்ளி பிடித்திருந்த சீட்டை விட்டுவிட்டுப் பின்னால் சாய்ந்தாள். மழை விட்டிருந்ததை நான் கவனிக்கவில்லை, பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரன் அடித்தபோதுதான் காடியைக் கிளப்பினேன். யார்மேலாவது கோபப்பட்டே ஆக வேண்டும் போல இருந்தது, பாடாங் செராய் வரும்வரை தேடியும் எனக்கு ஆள் கிடைக்கவில்லை.